பேர் வெட்டுற மருமகனுக்கு மாமன் சொல்றது

மருமகனே, ஒனக்கு இன்னும் பொண்ணு அமையலைங்குறதுல எனக்கும் கவலைதான். அதுக்காக ஊரான் கல்யாண வீடியோவுல எல்லாம் மாப்பிள்ளை மூஞ்சியை ரெண்டு செக்கன் காட்டிட்டு, மிச்ச நேரம் பூரா ரோசாப்பூவும் இதயமும் பறக்க விடுறது என்னா நியாயம்? பொண்ணு நடந்து வருது, திரை நாலாப் பிளந்து சுத்துது. தாலி கட்டுறாங்க, குறுக்க நெருப்பு ஓடுது. பந்தியில ஒங்க பெரியம்மா அப்பளம் ஒடிக்குது, அதுக்கும் ஒரு மின்னல். அப்பளத்துக்கு எதுக்குடா மின்னல்? நம்ம ஹல்துமுல்லைக்கு மேல இடியும் மின்னலும் கொறைச்சலாவா இருக்கு, நீ வேற தனியாத் தயாரிக்குறே?

கோவிச்சுக்காத. பிளேன்டியைக் குடிச்சிட்டுக் கேளு. கண்ணுல பூ விழுந்த கெழவனுக்கு வீடியோவைப் பத்தி என்னா தெரியும்னு நீ ஒங்கம்மாகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. பூ விழுந்தது கண்ணுலதான், காது நல்லாவே கேக்குது. ஒன் கடையில பின்னாடி ஸ்டூல்ல குந்தி வெத்தலை மென்னுக்கிட்டு நான் பார்க்காத வெட்டா? ஒன் சாப்ட்வேர் என்னா செய்யுதுன்னு நான் சொல்றேன், தப்பா இருந்தா நீ திருத்து.

திரையில பிளேடு படம் ஒண்ணு இருக்கு. அதை எடுத்து ஒரு இழு இழுத்துட்டு, "வெட்டிட்டேன் மாமா"ங்குறே. நீ ஒண்ணையும் வெட்டல. கேமராவுல இருந்து வந்த பைல் வந்தது வந்தபடி ஹார்ட் டிஸ்க்குல முழுசாக் கெடக்கு, அரைச் செக்கன் கூடக் கொறையல. சாப்ட்வேர் எழுதி வச்சிருக்குறது ஒரு பட்டியல். இந்தப் பைல்ல நாலாவது நிமிசம் பன்னெண்டாவது செக்கன்ல தொடங்கு, இருபதாவது செக்கன்ல நிறுத்து. அடுத்தது அந்தப் பைல். அதுக்கு மேல இந்தப் பாட்டு. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு. அம்புட்டுதான் அதோட எழுத்து.

வயசு பூராத் தேயிலைத் தோட்டத்துல பேரு கூப்புடுற பிரட்டுக்களத்துல நின்னவன்கிட்ட இதை வெளக்கவே வேண்டாம்டா. நம்ம கணக்கப்புள்ள கக்கத்துல வச்சிருந்த செக்ரோல் புத்தகமேதான் இது. புத்தகத்துக்குள்ள ஆளா இருந்துச்சு? ஆளு லயத்துல இருந்துச்சு. புத்தகத்துல இருந்தது பேரு. இன்னாரு இன்னிக்கு எட்டாம் நம்பர் மலை, இன்னாரு கவ்வாத்து, இன்னாருக்கு அரைப் பேரு. கணக்கப்புள்ள கோவத்துல ஒருத்தன் பேரை வெட்டிட்டா அவன் செத்தா போயிட்டான்? லயத்து வாசல்ல குந்திக்கிட்டு கணக்கப்புள்ளயோட ஏழு தலைமுறையையும் திட்டிக்கிட்டு இருப்பான். மறுநாள் பேரு போட்டா மலைக்கு வந்துருவான். நீ நீலமும் பச்சையுமா வரி வரியா அடுக்கி வச்சிருக்கியே டைம்லைனு, அதுல இருக்குறதெல்லாம் பேருதான்.

இது வெளங்காமத்தானே அன்னிக்கு புரொஜெக்ட் பைலை மட்டும் பென் டிரைவுல ஏத்திக்கிட்டு பதுளைக்கு பஸ் ஏறுன? கல்யாணமே இந்தக் குச்சிக்குள்ள இருக்குன்னு சட்டைப்பையைத் தட்டித் தட்டிக் காட்டுன. அங்க போய்த் தொறந்தா திரை பூரா செவப்பு, மீடியா ஆப்லைன். நாலு மணி நேரக் கல்யாணம் ரெண்டு மூணு எம்.பி.க்குள்ள எப்படிடா அடங்கும்? புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போய் நின்னா நிறைமடுவத்துல கொழுந்தா நிறுப்பாங்க? ஒனக்கு இனிமேலாவது புத்தி வரணும். கேமரா பைல், பாட்டு, போட்டோ எல்லாத்தையும் ஒரே போல்டருக்குள்ள போட்டுட்டுத்தான் மொத வெட்டு. போட்ட பெறகு போல்டர் பேரை மாத்தாத, எடத்தையும் மாத்தாத. மாத்துனா அது பேரைக் கூப்பிட்டுக்கிட்டே நிக்கும், ஆளு வராது. நீ ஒவ்வொண்ணாக் காட்டிக் குடுத்து மறுபடி இணைக்கணும்.

பட்டியலா இருக்குறதுல ஒரு சொகம் என்னான்னா, ஒரே கல்யாணத்துக்கு எத்தனை புத்தகம் வேணாலும் எழுதலாம். வீட்டுக்காரங்களுக்கு மூணு மணி நேரம், வெளிநாட்டுச் சொந்தத்துக்கு இருவது நிமிசம், பேஸ்புக்குக்கு ஒரு நிமிசம். அசல் பைலு ஒண்ணுதான். தப்பா வெட்டுனா அந்த ரெண்டு விரல் மந்திரம், கன்ட்ரோலும் இசட்டும். எங்க காலத்துல அந்த மந்திரம் இருந்திருந்தா ஒங்க அத்தையைப் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே அமுக்கியிருப்பேன். இதை அவகிட்ட சொன்னியோ, ஒன் கடைக் கரண்டு பில்லை நான் கட்ட மாட்டேன்.

முந்தியெல்லாம் வெட்டுன்னா வெட்டுதான். தோட்டத்துத் திருவிழாவுல ரெண்டு கம்பு நட்டு வேட்டி கட்டிப் படம் போடுவாங்க. சுருள் பழசு, நடுவுல அறுந்து போவும். ஒப்பரேட்டர் ரெண்டு முனையையும் நறுக்கி, ஓரத்தைச் சொரண்டி, பசை தடவி, அமுக்கி ஒட்டுவாரு. ஒவ்வொரு ஒட்டுக்கும் நாலஞ்சு படம் காலி. செக்கனுக்கு 24 படம் ஓடுறதுல நாலு போனா என்னாங்குறியா? ஊரெல்லாம் சுத்தி ஒட்டு மேல ஒட்டு விழுந்து நம்ம தோட்டத்துக்கு வந்து சேருறப்ப, எம்.ஜி.ஆர். கை ஓங்குறதுக்கு முன்னமே நம்பியாரு கீழ கெடப்பாரு.

ஸ்டூடியோவுல தொகுக்குறவங்களுக்கும் இதே பாடுதான். ஆயிரம் அடிச் சுருள்ல பதினோரு நிமிசம் ஓடும். அந்தச் சுருளைப் பார்த்துப் பார்த்து வெட்டுறதுக்கு மூவியோலான்னு ஒரு மெசின், ஐவன் செரூரியர்ங்குறவரு 1924ல அமெரிக்காவுல செஞ்சது. வெட்டித் தள்ளுன துண்டெல்லாம் கூடைக்கு மேல கொக்கியில தொங்கும். ஒரு துண்டைத் திரும்பத் தேடி எடுக்குறதுக்குள்ள பொழுது போயிரும். நம்ம நாட்டுல லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956ல எடுத்த ரேகாவ படத்தைத் தொகுத்தவரு டைட்டஸ் தொட்டவத்த. அவருதான் பின்னால ரூபவாஹினியில வெளிநாட்டுக் கார்ட்டூன் பூனைக்கெல்லாம் சிங்களம் பேசக் கத்துக் குடுத்தாரு. நம்ம மலையக ஆளு வி.பி. கணேசன் 1975ல புதிய காத்து எடுத்ததும் சுருள்லதான். அதுக்குப் பெறகு வீடியோ கெசட் வந்துச்சு. அது இன்னொரு தலைவலி. ஒரு கெசட்டுல இருந்து இன்னொரு கெசட்டுக்கு வரிசையாப் பதியணும், நடுவுல ஒரு காட்சியை நீட்டணும்னா அதுக்கு அப்புறம் உள்ளதை எல்லாம் மறுபடி பதியணும். பதியப் பதியப் படம் மங்கும். எந்த எடத்துல வேணாலும் கை வைக்கலாம்ங்குற கம்ப்யூட்டர் முறை ஊருக்குள்ள நடமாட ஆரம்பிச்சது 1989ல ஆவிட் வந்த பெறகுதான். 1991ல அடோபி பிரீமியர். 1994ல கமலஹாசனோட மகாநதி, இந்தியாவுல ஆவிட் ஏறின மொதப் படம்னு பேரெடுத்துச்சு. இன்னிக்கு அதே வேலையைக் கொழுந்துப் பையோட நிக்குற பொட்டைப்புள்ள கேப்கட்டை வச்சு போன்ல செய்யுது. நீ மட்டும் இன்னும் திருட்டு சாப்ட்வேரை எறக்கி, கூடவே வைரஸையும் எறக்கி, மெசினை வாரத்துக்கு ஒருக்கா பண்டாரவளைக்குத் தூக்கிக்கிட்டுப் போறே. டாவின்சி ரிசால்வ் காசில்லாமக் குடுக்குறான். கேடிஎன்லைவ், ஷாட்கட் ரெண்டும் இலவசம். திருடுறதுக்கு ஒரு தேவை வேணாமாடா?

அடுத்தது ஒன் கம்ப்யூட்டரு. "மாமா, மெசின் ஸ்லோ, புதுசு வாங்கணும்"னு ஒங்கம்மா காதுல ஊதுறது எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கணக்கைப் பாரு. புல் எச்.டி.ன்னா அகலத்துல 1920 புள்ளி, உசரத்துல 1080 புள்ளி. பெருக்குனா ஒரு படத்துல இருவது லச்சம் புள்ளிக்கு மேல. ஒவ்வொரு புள்ளிக்கும் செவப்பு, பச்சை, நீலம்னு மூணு கணக்கு. ஒத்தப் படம் ஆறு எம்.பி.யைத் தாண்டும். செக்கனுக்கு 25 படம்னா ஒரு நிமிசத்துக்கு ஒம்பது ஜி.பி. வரும். ஆனா ஒன் கேமரா நிமிசத்துக்கு நூறு எம்.பி.க்கு முன்னப்பின்னதானே எழுதுது? மிச்சம் எங்க போச்சு?

கேமரா கள்ளத்தனம் பண்ணுது. ஒரு படத்தை முழுசா எழுதும். அடுத்து வர்ற படங்கள்ல என்னென்ன மாறிச்சோ அதை மட்டும் எழுதும். மண்டபத்துச் செவுரு அப்படியே இருக்கு, அதை எதுக்குத் திரும்ப எழுதணும்? பொண்ணோட கண்ணு அசைஞ்சுச்சு, அதை எழுது. அதனாலதான் தியலும நீர்வீழ்ச்சியை நீ எடுத்த வீடியோ கட்டம் கட்டமா ஒடைஞ்சு தெரியுது. 220 மீட்டர் ஒசரத்துல இருந்து விழுற தண்ணியில ஒரு துளி கூட முந்தின படத்துல இருந்த எடத்துல இல்லை. எல்லாமே மாறுதுன்னா சுருக்கி எழுத ஏது வழி? அப்புத்தளை ரோட்டுல மூடுபனி ஏறுறதை எடுத்தாலும் இதே கதிதான், பனி வரி வரியாத் திட்டுத் திட்டா வரும். அந்த மாதிரி எடத்துக்குப் போறப்ப கேமராவுல செக்கனுக்கு எம்புட்டு எழுதணும்ங்குற பிட்ரேட்டைக் கூட்டி வச்சுட்டு எடு. தண்ணியைக் குத்தம் சொல்லாத.

இப்படிச் சுருக்கி எழுதுன பைலை நீ டைம்லைன்ல முன்னப் பின்ன இழுக்குறப்ப, நடுவுல உள்ள ஒரு படத்தைக் காட்டணும்னா மெசின் பின்னால போய் முழுப் படத்தைக் கண்டுபிடிச்சு, அங்க இருந்து மாத்தத்தை எல்லாம் கூட்டிக்கிட்டே வரணும். மூச்சு வாங்காதா? அதுக்குத்தான் பிராக்சின்னு ஒரு வழி வச்சிருக்கான். ஒவ்வொரு பைலுக்கும் கொறைஞ்ச அளவுல ஒரு நகல். வெட்டுறது கோக்குறது எல்லாம் நகலை வச்சு, கடைசியில வெளிய எடுக்குறது அசலை வச்சு. இந்தப் பொத்தானை அமுக்காம ரெண்டு லச்ச ரூபாவுக்கு மெசின் கேக்குறே.

எக்ஸ்போர்ட்டுங்குறது, அதுவரைக்கும் புத்தகத்துல இருந்த பேருங்க ஆளா மலைக்கு ஏறுற நேரம். நாலு மணி நேர வீடியோன்னா மூணு லச்சத்து அறுவதாயிரம் படம். ஒவ்வொண்ணையும் அசல் பைல்ல இருந்து எடுத்து, வெளிச்சம் கூட்டி, எழுத்து போட்டு, ஒன் ரோசாப்பூவையும் பறக்க விட்டு, மறுபடி சுருக்கிப் புதுப் பைலா எழுதணும். ரோசாப்பூ கூடக்கூட நேரமும் கூடும். ராத்திரி பத்து மணிக்கு எக்ஸ்போர்ட்டைப் போட்டுட்டு நீ தூங்கப் போறே, மழை பெஞ்சு மரம் விழுந்து கரண்டு போவுது, காலையில பொண்ணு வீட்டுக்காரரு கடை வாசல்ல நிக்குறாரு. யூ.பி.எஸ். ஒண்ணு வாங்குடா. மின்னல் எபெக்ட் வாங்குன காசுல வாங்கியிருக்கலாம்.

பச்சைத் துணிக் கதையைச் சொல்லாம வுட்டா எனக்குச் சோறு எறங்காது. பின்னாடி பச்சைத் துணி கட்டி ஆளை நிக்க வச்சு எடுத்தா, அந்தப் பச்சையை மட்டும் சாப்ட்வேர் அழிச்சுட்டு அந்த எடத்துல வேற படத்தை வைக்கும். மனுசத் தோல்ல பச்சை கொறைவு, அதனாலதான் அந்தக் கலரு. அதுக்கு இது பொண்ணு, இது துணின்னு எல்லாம் தெரியாது. பச்சைன்னா அழி, அவ்வளவுதான். நீ என்னா பண்ணுன? மயில்பச்சைப் பட்டுச் சேலை கட்டுன பொண்ணைக் கொண்டாந்து பச்சைத் துணிக்கு முன்னால நிப்பாட்டுன. சுவிட்சர்லாந்து மலைக்கு முன்னால ஒரு தலையும் ரெண்டு கையும் நின்னு சிரிச்சுச்சு. மாமியாக்காரி பார்த்துட்டு, "என் மருமக ஒல்லின்னு தெரியும், இம்புட்டு ஒல்லியா?"ன்னுச்சு. சேலை பச்சைன்னா துணியை நீலமாக் கட்டு. அதுக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு. வெளிய வந்தா மலை நிக்குது, கீழ பார்த்தா உடவளவைக் குளம் வரைக்கும் தெரியுது. உலகத்துல உள்ளவன் எல்லாம் இதைப் படம் புடிக்கத்தான் டிக்கட் போட்டு வர்றான். நீ இதைத் துணி போட்டு மறைச்சுட்டு சுவிட்சர்லாந்தை ஒட்டுறே.

மாலை மாத்துறதை மெதுவாக் காட்டுறேன்னு 25 படத்தை இழுத்து ரெண்டு செக்கனுக்கு நீட்டுறியே, படம் எங்க இருந்து வரும்? ஒண்ணையே ரெண்டு தரம் காட்டும், இல்லாட்டி இடைப்பட்ட படத்தை அதுவாக் கற்பனை பண்ணி வைக்கும். மாப்பிள்ளைக்கு மூணு கை வந்தது அப்படித்தான். மெதுவாக் காட்டணும்னா எடுக்குறப்பவே 50, 60ன்னு எடு.

சத்தத்தைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நீ அதைக் கண்டுக்கவே மாட்டேங்குறே. ரெண்டு கேமரா, ஒரு போன்ல தனியாச் சத்தம். மூணும் தொடங்குன நேரம் வேற வேற. இதை எல்லாம் ஒரு கோட்டுல நிறுத்த சாப்ட்வேர் சத்தத்தோட அலையைத்தான் பார்க்குது. தப்பு அடிச்சாப் பாரு, அலையில குத்தீட்டியா ஒண்ணு எழும்பும். மூணு அலையிலயும் அந்தக் குத்தீட்டி ஒரே எடத்துக்கு வர்ற வரைக்கும் நகத்துனா முடிஞ்சுச்சு. ஆனா தேர்த் திருவிழாவுக்கு மேட்டுல ஒரு கேமராவை வச்சியே, அதுல சத்தம் பிந்தித்தான் வரும். சத்தம் செக்கனுக்கு 340 மீட்டர்தான் நடக்கும். 34 மீட்டர் தள்ளி நின்னா பத்துல ஒரு பங்கு செக்கன் பிந்தும், அதாவது ரெண்டு மூணு படம். அடிக்குறவரு கை மேல போன பெறகு சத்தம் கேட்டா பார்க்குறவனுக்கு எங்கயோ இடிக்கும், எங்கன்னு சொல்லத் தெரியாது. தப்புச் சத்தத்தைக் கிட்டத்துல பதிஞ்சதுல இருந்து எடு, படத்தை மேட்டுல இருந்து எடு.

தாலி கட்டுறதுல என்னா பண்ணணும்னு சொல்றேன் கேளு. அது நடக்குற நேரம் இருவது போனும் ஒரு பெரியப்பா முதுகும் கேமராவுக்கு முன்னால நிக்கும். எவனாலயும் தடுக்க முடியாது. நீ அந்த முதுகை முழுசாக் காட்டி, வெக்கத்துல மேல ரோசாப்பூவைத் தூவுறே. முதுகு வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன வெட்டு. கெட்டிமேளம் அடிக்குற தவில்காரரு விரலுக்குப் போ. சத்தம் மட்டும் தொடர்ந்து ஓடட்டும், அதுல கை வைக்காத. விரல்ல இருந்து பொண்ணோட அம்மா மூஞ்சி. அந்த அம்மா ஒதடு துடிக்குறதை முடியுற வரைக்கும் வுடு. அப்புறம் திரும்பி வந்தா முதுகு நகந்துருக்கும், மூணாவது முடிச்சு தெரியும். பார்த்தவங்க எல்லாம் தாலி கட்டுறதை முழுசாப் பார்த்தோம்னு சத்தியம் பண்ணுவாங்க. சத்தம் ஓடுனா கண்ணு நம்பிரும். அதுக்கு ஒரு எபெக்டும் வேணாம், காசும் வேணாம். தவில்காரரையும் அந்த அம்மாவையும் முன்கூட்டியே எடுத்து வச்சிருக்கணும், அம்புட்டுதான். நீ அந்த நேரம் ட்ரோனைத் தேடிக்கிட்டு இருந்தா முதுகுதான் மிச்சம். பாட்டு விசயத்துலயும் எச்சரிக்கையா இரு. இளையராசா பாட்டைப் போட்டு யூடியூப்ல ஏத்துனா அங்க ஒரு மெசின் அலையை ஒப்பிட்டுப் பார்த்து உரிமைக்காரனுக்குச் சொல்லிரும், வீடியோ ஊமையாப் போனாலும் போவும். நம்ம நாயனக்காரரு வாசிச்சது இருக்கு, அதைப் போடு.

இப்ப ஒங்க அத்தை விசயத்துக்கு வாறேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா, கண்ணுல தண்ணி. நீ போன்ல கிட்டப் புடிச்சு எடுத்த. பெறகு ஒழுகுற லயத்துக் கூரையை ஒட்டி, கீழ வயலினை இழுத்து, "மலையகத்தின் கண்ணீர்"னு போட்டு ஏத்திட்ட. கனடாவுல இருந்து ஒருத்தரு கோல் எடுத்து அழுதாரு. அத்தையும் அழுதா, எதுக்குன்னே தெரியாம. அதே வாரம் எல்ல பக்கம் போற ஒரு சுற்றுலாப் பையன் அதே லயத்தை ட்ரோன்ல எடுத்துப் புல்லாங்குழல் போட்டு "சொர்க்கம்"னு ஏத்துனான். நாங்க அந்த நேரம் மரவள்ளிக்கெழங்கு அவிச்சு, கட்டச்சம்பல் அரைச்சுத் தின்னுக்கிட்டு இருந்தோம். சொர்க்கமும் கண்ணீரும் எந்தப் பக்கம் போச்சோ தெரியல.

நூறு வருசத்துக்கு முன்னமே ரசியாவுல லெவ் குலெசோவ்னு ஒருத்தரு இதைச் செஞ்சு பார்த்துட்டாரு. ஒரு நடிகரோட சலனமே இல்லாத மூஞ்சி. அதுக்கு அடுத்துச் சூப்புக் கோப்பையை ஒட்டுனா பசின்னாங்க. சவப்பெட்டியை ஒட்டுனா சோகம்னாங்க. பொம்பளையை ஒட்டுனா ஆசைன்னாங்க. என்னா நடிப்புன்னு புகழ்ந்தாங்களாம், மூஞ்சி ஒண்ணேதான். அடுத்துப் போட்ட துண்டுதான் பேசுச்சு. லயம் ஒழுகலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஒழுகுது. அதைக் காட்டணும்னா கூரையைக் காட்டு, கீழ வச்ச சட்டியைக் காட்டு, எத்தனை குடும்பம் இருக்குன்னு அத்தையையே பேச வை. வெங்காயத்தை ஏன்டா சாட்சிக்குக் கூப்புடுறே?

மண்சரிவுல மட்டும் வெளையாடாத. இதுல நான் சிரிக்கல. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயத்தோட சனம் மண்ணுக்குள்ள போச்சு. நம்ம பிரதேச செயலாளர் பிரிவுதான் அதுவும். இப்ப மழைக் காலம் வந்தா எவனாவது பழைய சரிவு வீடியோவைத் தூசி தட்டி, தலைப்பை வெட்டி, "சற்று முன்"னு போடுறான். எக்ஸ்போர்ட் பண்ணுன பைல்ல எடுத்த தேதி பெரும்பாலும் தங்காது, பைலு இன்னிக்குப் பொறந்த புள்ளயாத்தான் நிக்கும். டுபாய்ல வீட்டு வேலைக்குப் போன தாய்க்காரி அதைப் பார்த்துட்டு ராத்திரி பூராக் கோல் எடுத்துக்கிட்டே இருப்பா, இங்க டவர் வேலை செய்யாது. நீ போடுற ஒவ்வொரு மழை வீடியோவுலயும் எந்தத் தேதி, எந்த டிவிசன்னு திரையிலயே எழுது. எழுத்துப் போடுற வசதி ரோசாப்பூவுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

ஒன் தொழிலைக் கேவலமாச் சொல்றேன்னு நெனைக்காத. மலையேற முடியாத கெழவி பேத்தி சடங்கை வீட்டுல இருந்து பார்த்தா. ஓ.எல். கணக்குப் பாடத்தை நம்ம வாத்தியாரு பதிஞ்சு குடுத்ததை நீதான் துண்டு துண்டா வெட்டி, புள்ளைங்க தேடி எடுக்குறாப்புல தலைப்புப் போட்டுக் குடுத்த. அதுல ஒரு எபெக்டும் இல்லை, கவனிச்சியா? நீ செஞ்சதுலயே அதுதான் உருப்படி. அதுக்கு நீ காசு வாங்கலைன்னும் தெரியும். அதை நான் ஊர்ல சொல்லிக்கிட்டுதான் இருக்கேன், ஒன்கிட்டதான் சொல்லல.

கடைசியாக் காமன் கூத்து. ராவெல்லாம் ஆடுன கூத்தை மூணு நிமிசமாக்கி, சினிமாப் பாட்டைக் கட்டி ஏத்துனியே, அதுல ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் ஆவுறதுக்கு முன்னமே மன்மதன் எரிஞ்சு போயிட்டான். பெறகு தாலி கட்டுறான். எரிஞ்ச மாப்பிள்ளை எப்படிடா தாலி கட்டுவான்? ரதி ஒப்பாரி வைக்குற எடம் மொத்தமாப் பேரு வெட்டு. அந்த ஒப்பாரிதான்டா கூத்து. அதைப் பாட்டெழுத்து இல்லாம மனசுல வச்சிருக்குறவங்க நம்ம டிவிசன்ல கைவிட்டு எண்ணுற அளவுதான், அதுல ஒருத்தருக்குப் பல்லும் போயிருச்சு.

மாசி அமாவாசை கழிஞ்சு கம்பம் நட்டதும் ரெண்டு கேமராவை ஸ்டாண்டுல நிப்பாட்டு. ஒண்ணு ஆட்டத்துக்கு, ஒண்ணு பாடுறவரு வாய்க்கு. தகனம் முடியுற வரைக்கும் நிறுத்தாத. மூணு நிமிசத் துண்டை ஒன் இஷ்டத்துக்குப் போட்டுக்க, நான் கேக்க மாட்டேன். ஆனா முழுசா ஒண்ணு வெட்டாம, பாட்டு மாத்தாம வை. ஒரு டிஸ்க்கு கடையில, இன்னொரு டிஸ்க்கு பண்டாரவளையில ஒங்க அக்கா வீட்டுல. நம்ம மலை எப்ப எறங்கும்னு எவனுக்கும் தெரியாது, ரெண்டையும் ஒரே மேசையில வச்சுட்டு பெறகு அழாத. ரெண்டாவது டிஸ்க்குக் காசை என்கிட்ட வாங்கிக்க. அத்தைக்குத் தெரிய வேணாம்.